எஞ்சின்எக்ஸ் வலைச் சேவையகம்: டெபியனில் நிறுவி, அமைத்து, காத்த பின் ஒரு மதிப்புரை

வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்றில் தமக்கென ஒரு வலைத்தளத்தை நடத்த விரும்புகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்களில் எஞ்சின்எக்ஸ் மிக உறுதியானது என்பது என் கருத்து. வேகத்திலும் நிலைத்தன்மையிலும் அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன் அமைவுக் கோப்பை எழுதும்போது ஒரு சாய்கோடு விடுபட்டாலோ, ஒரு வரி உள் தொகுதிக்குள் சென்றாலோ, எந்த எச்சரிக்கையும் வராமலேயே தளத்தின் காவல் தளர்ந்துவிடும் இடங்கள் சில இருக்கின்றன. மென்பொருளைப் புகழ்ந்து எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் நிறுவும் கட்டளையோடு நின்றுவிடுவதால், அந்த இடங்களைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன். லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 12, 13 ஆகிய பதிப்புகளில் நிலைப் பக்கங்களுக்கும், பி.எச்.பி. நிரல்மொழியில் இயங்கும் தளத்துக்கும், தனியாக இயங்கும் செயலி ஒன்றுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அதனிடம் அனுப்பும் ரிவர்ஸ் ப்ராக்ஸியாகவும் இதைப் பயன்படுத்திப் பார்த்ததன் அடிப்படையில் எழுதப்பட்ட மதிப்புரை இது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்பது 1990களின் இறுதியில் பொறியாளர்களிடையே பெரிய கேள்வியாக இருந்தது. இணைப்புக்கு ஒரு செயல்முறை என்று இயங்கிய அன்றைய அப்பாச்சி சேவையகத்தில் இணைப்புகள் பெருகப் பெருக நினைவகம் தீர்ந்துபோகும். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் கணினி நிர்வாகியாகப் பணியாற்றிய இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி, 2004 அக்டோபரில் பொதுவெளியில் வைத்த எஞ்சின்எக்ஸ், ஒரு தலைமைச் செயல்முறையையும் சில பணிச் செயல்முறைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பணிச் செயல்முறையும் ஆயிரக்கணக்கான இணைப்புகளை நிகழ்வுகளாகக் கவனிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு ஜி.பி. நினைவகம் மட்டுமே உள்ள மலிவான சர்வரில்கூட இது சிரமமின்றி ஓடுவதற்கு அந்த வடிவமைப்பே காரணம். பாதுகாப்புக்கும் அது உதவுகிறது: 80 (மறையாக்கமற்ற இணைப்பு), 443 (மறையாக்கப்பட்ட இணைப்பு) ஆகிய போர்ட்களைத் திறக்கவும் சான்றிதழின் தனித் திறவுகோலைப் படிக்கவும் தலைமைச் செயல்முறை மட்டுமே ரூட் எனும் முழு அதிகாரத்தில் இயங்குகிறது, வெளியுலகத்தோடு பேசும் பணிச் செயல்முறைகள் அதிகாரம் குறைந்த தனிப் பயனர் பெயரில் இயங்குகின்றன.

நிறுவுவது ஒரே கட்டளைதான். ஆனால் எங்கிருந்து நிறுவுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. மென்பொருள் தொகுப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் பதிப்பு 12இல் 1.22உம், பதிப்பு 13இல் 1.26உம் இருக்கின்றன. எஞ்சின்எக்ஸ் திட்டமே நடத்தும் களஞ்சியத்தில் இவற்றைவிடப் புதியவை கிடைக்கும். நான் டெபியனின் தொகுப்பையே பரிந்துரைக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்களை டெபியன் குழு பழைய பதிப்புக்கும் எழுதிச் சேர்த்துவிடுகிறது. தானியங்கிப் புதுப்பிப்பு வசதி அவற்றைத் தானாகவே நிறுவிவிடும். வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்தால், அந்த வசதி இயல்பில் அதைக் கண்டுகொள்ளாது. அதன் அமைவில் அந்தக் களஞ்சியத்தையும் நாமே எழுதிச் சேர்க்காவிட்டால், சர்வர் முழுவதும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்க, இணையத்தை நேரடியாக எதிர்கொள்ளும் அந்த ஒரு மென்பொருள் மட்டும் பழைய நிலையிலேயே தங்கிவிடும். இரண்டு தொகுப்புகளுக்கும் கோப்புறை அமைப்பிலும் வேறுபாடு உண்டு. டெபியன் தொகுப்பு ஒவ்வொரு தளத்தின் கோப்பையும் ‘சைட்ஸ் அவைலபிள்’ கோப்புறையில் வைத்து, இயங்க வேண்டியவற்றை மட்டும் ‘சைட்ஸ் எனேபிள்டு’ கோப்புறையில் இணைப்பாகச் சேர்க்கும் வழக்கத்தைக் கொண்டது. திட்டத்தின் சொந்தத் தொகுப்பில் அந்த இரண்டு கோப்புறைகளுமே இருக்காது.

இந்தப் பதிப்பு வேறுபாட்டால் இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் புதியவர்களைக் குழப்புகின்றன. வலைப்பக்கங்களை அனுப்பும் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பான எச்.டி.டி.பி. 2ஐ இயக்கும் முறை 1.25.1 பதிப்பில் மாறியது. அதற்கு முன், எந்தப் போர்ட்டில் கேட்பது என்று சொல்லும் ‘லிசன்’ வரியின் கடைசியில் சேர்க்கப்பட்ட சொல், பின்னர் தனி வரியாகிவிட்டது. டெபியன் 13க்கு எழுதப்பட்டதை டெபியன் 12இல் ஒட்டினால் அறியாத கட்டளை என்று பிழை வரும். பழையதைப் புதியதில் ஒட்டினால் எச்சரிக்கை மட்டும் வரும். எந்தக் குறிப்பைப் பின்பற்றும் முன்பும், நிறுவப்பட்டிருக்கும் பதிப்பின் எண்ணைப் பார்த்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஃபயர்வால் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். போர்ட்டை அனுமதித்த பிறகே ஃபயர்வாலை இயக்க வேண்டும், அதுவும் 80, 443 ஆகியவையும் தவிர மற்றவை மூடியிருக்கட்டும், எஸ்.எஸ்.எச். நுழைவில் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுத் திறவுகோலை மட்டும் ஏற்கட்டும். பின்னால் இயங்கும் செயலி கணினியின் உள் முகவரியில் மட்டும் கேட்கும்படி இருப்பதையும் சரிபார்க்க வேண்டும். செயலி எல்லா முகவரிகளிலும் கேட்டுக்கொண்டிருந்து ஃபயர்வாலும் தளர்ந்திருந்தால், எஞ்சின்எக்ஸில் எழுதிய அத்தனை கட்டுப்பாடுகளையும் தாண்டி எவரும் நேரே செயலியிடம் போய்விடலாம்.

இனி அமைவுக் கோப்பு. அதன் இலக்கணம் பார்வைக்கு எளிது: தொகுதிகளும், அரைப்புள்ளியில் முடியும் வரிகளும் மட்டுமே. எழுதியதை இயக்கும் முன் சோதிக்கும் கட்டளை இருக்கிறது. சோதனையில் தேறியதை மறுஏற்றம் செய்தால், பழைய பணிச் செயல்முறைகள் தம் கையில் உள்ள கோரிக்கைகளை முடித்துவிட்டு விலக, புதியவை பொறுப்பேற்கின்றன. பார்வையாளர் ஒருவருக்கும் இணைப்பு அறுபடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் கை வைக்கும் அச்சத்தைப் போக்கிய இந்த ஏற்பாட்டுக்காகவே இந்த மென்பொருளை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தச் சோதனை இலக்கணத்தையும், குறிப்பிட்ட கோப்புகளைத் திறக்க முடிகிறதா என்பதையும் மட்டுமே பார்க்கிறது, பொருளைப் பார்ப்பதில்லை. இலக்கணப்படி சரியாக இருந்துகொண்டே ஆபத்தான பொருளைத் தரும் வரிகளை அது அமைதியாகக் கடக்க விட்டுவிடும்.

முதல் எடுத்துக்காட்டு சாய்கோடு. ‘/படங்கள்’ என்ற முகவரியை வட்டில் உள்ள ‘/தளம்/கோப்புகள்/படங்கள்/’ என்ற கோப்புறைக்கு ‘அலியாஸ்’ கட்டளையால் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். முகவரியின் முடிவில் சாய்கோடு இல்லை, கோப்புறையின் முடிவில் இருக்கிறது. எஞ்சின்எக்ஸ் செய்வது வெறும் சொல் மாற்றம்: கோரிக்கையின் தொடக்கத்தில் ‘/படங்கள்’ என்று இருப்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோப்புறையின் பாதையை வைக்கிறது. ஒருவர் ‘/படங்கள்../ரகசியம்’ என்று கேட்டால், அது ‘/தளம்/கோப்புகள்/படங்கள்/../ரகசியம்’ ஆகிவிடும். இரண்டு புள்ளிகள் மேல் கோப்புறையைக் குறிப்பதால், படங்களின் கோப்புறைக்கு வெளியே, அதன் பக்கத்தில் இருக்கும் கோப்பு வெளியே போய்விடுகிறது. தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கொண்ட அமைவுக் கோப்பு பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கோப்புறையில்தான் இருக்கும். முகவரியின் முடிவிலும் ஒரு சாய்கோடு இட்டுவிட்டால் ஓட்டை அடைபடுகிறது. பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிவரும் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க, யாண்டெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட கிக்ஸி என்ற தனிக் கருவியே இருக்கிறது. இத்தனை பேர் அறிந்த ஒன்றை, அமைவுக் கோப்பைச் சோதிக்கும் கட்டளையே சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இரண்டாவது, பாதுகாப்புத் தலைப்பு வரிகள். உலாவிக்குச் சில கட்டுப்பாடுகளைத் தெரிவிக்கும் வரிகளை ‘ஆட் ஹெடர்’ கட்டளையால் சேர்க்கிறோம். வெளித் தொகுதியில் எழுதியது உள் தொகுதிகளுக்கும் பொருந்தும் என்று எவரும் எதிர்பார்ப்பார், பொருந்தவும் செய்யும். ஆனால் உள் தொகுதி ஒன்றில் வேறு எதற்காகவோ ஒரே ஒரு ‘ஆட் ஹெடர்’ வரியை எழுதிவிட்டால், வெளியிலிருந்து வரவேண்டிய அத்தனை வரிகளும் அந்தத் தொகுதிக்குள் இல்லாமல் போகின்றன. படங்களை உலாவி ஒரு மாதம் சேமித்து வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கிறோம்; அந்தப் பகுதியில், மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே வரச் சொல்லும் எச்.எஸ்.டி.எஸ். உள்ளிட்ட எல்லாக் காவல் வரிகளும் மறைந்துவிடுகின்றன. முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்துப் பார்க்கிறவருக்கு இது தெரியவே வராது. பிழைப் பக்கங்களுக்கும் இந்த வரிகள் போக வேண்டுமானால் ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்பது இன்னொரு நுணுக்கம். காவல் வரிகளையெல்லாம் ஒரு தனிக் கோப்பில் எழுதி, ‘ஆட் ஹெடர்’ வரும் ஒவ்வொரு தொகுதியிலும் ‘இன்க்ளூட்’ கட்டளையால் அதைச் சேர்ப்பதே நான் கைக்கொள்ளும் வழி. திரும்பத் திரும்ப எழுதுவதாகத் தோன்றினாலும் அது நம்பகமானது.

மூன்றாவது, எந்தத் தொகுதி எந்தக் கோரிக்கையைக் கவனிக்கிறது என்ற விதி. ‘லொகேஷன்’ தொகுதிகளில் முதலில் முகவரியின் தொடக்கத்தோடு மிக நீளமாகப் பொருந்துவது எது என்று எஞ்சின்எக்ஸ் குறித்துக்கொள்கிறது. பிறகு, முகவரியின் எழுத்து அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் வடிவக் கோவைகளை (ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன்), கோப்பில் எழுதப்பட்ட வரிசையில் பார்க்கிறது; அவற்றில் ஒன்று பொருந்திவிட்டால், முன்பு குறித்துக்கொண்டதை விட்டுவிட்டு அதையே ஏற்கிறது. நிர்வாகப் பகுதிக்குக் கடவுச்சொல் வைக்க ‘/நிர்வாகம்/’ என்று ஒரு தொகுதியை எழுதியிருக்கிறோம், பி.எச்.பி. கோப்புகளை இயக்க வடிவக் கோவையில் இன்னொரு தொகுதி இருக்கிறது. நிர்வாகப் பகுதிக்குள் இருக்கும் பி.எச்.பி. கோப்பை ஒருவர் நேரே கேட்டால், வடிவக் கோவைத் தொகுதி அதை எடுத்துக்கொண்டு, கடவுச்சொல் கேட்காமலேயே இயக்கிவிடும். அங்குள்ள படங்களுக்குக் கடவுச்சொல் கேட்கப்படும், நிரல்களுக்குக் கேட்கப்படாது. இதைத் தடுக்க நிர்வாகத் தொகுதியின் முன் ‘^~’ குறியை இட்டு, அதற்கு உள்ளேயே பி.எச்.பி. தொகுதியைத் தனியாக எழுத வேண்டும். பூட்டிய பின், பூட்டு வேலை செய்கிறதா என்பதைக் கோப்பு வகை ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்பாச்சியிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு, அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அப்பாச்சியில் கோப்புறைக்குக் கோப்புறை ‘எச்டி அக்சஸ்’ கோப்பை வைத்து விதிகளை எழுதலாம். எஞ்சின்எக்ஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் வட்டில் தேடும் வேலை மிச்சமாவதால் அது நல்ல முடிவுதான். ஆனால் வேர்ட்பிரஸ் போன்றவற்றின் செருகுநிரல்களில் சில, தம் காப்புப் பிரதிகளையும் பதிவேறிய கோப்புகளையும் வெளியார் எடுக்காதபடி ‘எச்டி அக்சஸ்’ கோப்பு ஒன்றை எழுதிவைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. எஞ்சின்எக்ஸில் அந்தக் காவல் எதுவும் நடப்பதில்லை. காப்புப் பிரதியின் பெயரை ஊகிக்க முடிந்தால் எவரும் இறக்கிக்கொள்ளலாம். அதேபோல, புள்ளியில் தொடங்கும் மறை கோப்புகளையும் இது இயல்பில் மறைப்பதில்லை. நிரலின் வரலாற்றைக் கொண்ட ‘.கிட்’ கோப்புறையும், கடவுச்சொற்களைக் கொண்ட ‘.என்வி’ கோப்பும் தளத்தின் கோப்புறையில் கிடந்தால் கேட்டவருக்குக் கிடைக்கும். தானியங்கி நிரல்கள் இந்த இரண்டையும் எந்நேரமும் தேடிக்கொண்டிருக்கின்றன என்பதை எந்தச் சர்வரின் அணுக்கப் பதிவேட்டிலும் காணலாம். புள்ளியில் தொடங்குபவற்றையெல்லாம் மறுத்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேவையான ‘.வெல்நோன்’ கோப்புறைக்கு மட்டும் விலக்கு அளிப்பது நிறுவிய அன்றே செய்ய வேண்டிய வேலை. பயனர்கள் கோப்புகளைப் பதிவேற்றும் கோப்புறைக்குள் பி.எச்.பி. நிரல் எதுவும் இயங்காதபடி தடுப்பதும் அப்படித்தான். டெபியன் தொகுப்போடு வரும் பி.எச்.பி. துணைக் கோப்பு, கேட்கப்படும் நிரல் உண்மையில் வட்டில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டே அனுப்புகிறது என்பதால், இணையத்தில் கிடைக்கும் துண்டு வரிகளைவிட அதையே பயன்படுத்துவது மேல்.

பெயர் பொருந்தாத கோரிக்கைகளைப் பற்றியும் ஒரு சொல். எந்தத் தளத்தின் பெயரோடும் பொருந்தாமல், வெறும் எண் முகவரிக்கு வரும் கோரிக்கையை, இயல்பிருப்பு (டிஃபால்ட்) என்று குறிக்கப்பட்ட தொகுதி ஏற்கிறது. அப்படிக் குறிக்காவிட்டால் அந்தப் போர்ட்டுக்கு முதலில் எழுதப்பட்ட தொகுதியே ஏற்றுக்கொள்ளும். 443 போர்ட்டில் இதை விட்டுவைத்தால், எண்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் எவருக்கும் நம் தளத்தின் பெயர் சான்றிதழின் வழியே தெரிந்துவிடும். இரண்டு போர்ட்களுக்கும் பொருந்தாப் பெயர்களுக்கென ஒரு தனித் தொகுதியை எழுதி, 80இல் பதிலே சொல்லாமல் இணைப்பை மூடும் 444 என்ற எண்ணையும், 443இல் மறையாக்க இணைப்பின் தொடக்கமான கைகுலுக்கலையே மறுக்கும் கட்டளையையும் வைக்கலாம். இந்த மறுப்புக் கட்டளை 1.19.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் போலிச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கி வைக்க வேண்டியிருந்தது.

மறையாக்கச் சான்றிதழைப் பொறுத்தவரை எஞ்சின்எக்ஸ் தனியாக நிற்பதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் இலவசச் சான்றிதழும், அதைப் பெற்றுத்தரும் செர்ட்பாட் கருவியும் சேர்ந்ததே முழு ஏற்பாடு. செர்ட்பாட்டின் எஞ்சின்எக்ஸ் செருகுநிரலை நிறுவி ஒரு கட்டளை கொடுத்தால், அது சான்றிதழைப் பெற்று, தளத்தின் கோப்பில் தேவையான வரிகளை எழுதி, 80க்கு வருகிறவர்களை 443க்குத் திருப்பியும்விடும். டெபியன் 12இன் முதன்மை அமைவுக் கோப்பில் டி.எல்.எஸ். எனும் மறையாக்க நெறிமுறையின் 1.0, 1.1 என்ற பழைய வகைகள் இன்னும் எழுதப்பட்டிருக்கின்றன. செர்ட்பாட் தரும் துணைக் கோப்பு 1.2, 1.3 ஆகியவற்றை மட்டுமே அனுமதிக்கிறது. புதுப்பித்தலுக்கான நேரக் கடிகையும் தொகுப்போடு வந்து, நாளுக்கு இரண்டு முறை இயங்குகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. செருகுநிரலைப் பயன்படுத்தாமல், தளத்தின் கோப்புறை வழியாகச் சான்றிதழைப் பெறும் முறையைத் தேர்ந்தவர்களுக்கு, புதிய சான்றிதழ் வட்டில் வந்து சேர்ந்தாலும் எஞ்சின்எக்ஸ் நினைவகத்தில் உள்ள பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்தல் முடிந்ததும் மறுஏற்றம் செய்யச் சொல்லும் பின்கட்டளையை அவர்களே எழுதியாக வேண்டும்.

காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வந்துவிடும் என்று இருந்தவர்கள் அந்த நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அந்தச் சேவையை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. சான்றிதழின் ஆயுளும் குறைந்துகொண்டே போகிறது. சான்றிதழ் வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஆண்டுக்கு ஒரு முறை கையால் சான்றிதழை மாற்றும் பழக்கம் உள்ள அலுவலகங்களுக்கு இனி தானியங்கி முறையைத் தவிர வழியிருக்காது. ஆகவே புதுப்பித்தல் ஒத்திகைக் கட்டளையை அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பதும், வெளியிலிருந்து காலாவதி நாளைக் கண்காணிக்கும் ஒரு சேவையை வைத்துக்கொள்வதும் அவசியம். ஒத்திகைக் கட்டளை தனிச் சோதனைச் சர்வரிடம் பேசுவதால், உண்மையான சேவையின் வரம்புகள் அதில் தீர்ந்துபோவதில்லை. பழைய வழிகாட்டிகளில் காணப்படும் ‘ஸ்டேப்ளிங்’ வரிகளை லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழோடு எழுதவே வேண்டாம். சான்றிதழ் நிலையைச் சொல்லும் அந்தச் சேவையை அவர்கள் 2025 ஆகஸ்டில் மூடிவிட்டதால், அந்த வரிகளால் எச்சரிக்கைச் செய்தியைத் தவிர வேறு பயன் இல்லை.

எச்.எஸ்.டி.எஸ். வரியைச் செர்ட்பாட் தானாகச் சேர்ப்பதில்லை, அது சரியும்கூட. இந்தப் பெயருக்கு இனி மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே வரவேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வரி அது. சொன்ன காலம் முடியும்வரை உலாவி அதை மறக்காது. துணைப் பெயர்களையும் சேர்த்து ஓராண்டுக்கு எழுதிவிட்ட பிறகு, சான்றிதழ் இல்லாத பழைய துணைத்தளம் ஒன்று நினைவுக்கு வந்தால், ஏற்கெனவே வந்துபோனவர்களுக்கு அது திறக்காது. சில நிமிடங்களில் தொடங்கி, ஒரு நாள், ஒரு வாரம் என்று நீட்டி, பிறகே ஓராண்டுக்குப் போக வேண்டும்.

இந்த மென்பொருளின் உள்ளமைந்த வசதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோரிக்கை வேக வரம்பு. எந்தச் செருகுநிரலும் இல்லாமல், முகவரி வாரியாக விநாடிக்கு இத்தனை என்று அளவு வைத்து, நுழைவுப் பக்கத்தைக் கடவுச்சொல் ஊகிப்பவர்களிடமிருந்து காக்கலாம். ஒரு எம்.பி. நினைவகத்தில் பல்லாயிரம் முகவரிகளின் கணக்கை அது வைத்துக்கொள்கிறது. வரம்பு மீறியவருக்கு இயல்பில் 503 என்ற பிழை போகும். சேவையகமே பழுதாகிவிட்டது போன்ற தோற்றத்தை அது தருவதால் 429 ஆக மாற்றுவது நல்லது. அளவை வைக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: செல்பேசி நிறுவனங்கள் ஒரே ஐ.பி.வி.4 முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து அளிக்கின்றன. தேர்வு முடிவு வெளியாகும் நாளைப் போன்ற நேரத்தில் நேர்மையான பலர் ஒரே முகவரியிலிருந்து வருவார்கள். வரம்பைத் தளம் முழுமைக்கும் வைக்காமல், நுழைவுப் பக்கம், தேடல் போன்ற சுமை மிகுந்த இடங்களுக்கு மட்டும் வைத்து, சற்றே கூடுதலாக வருவதற்கும் இடம் விட வேண்டும். முன்னால் வேறொரு ப்ராக்ஸி இருந்தால், உண்மையான முகவரியைக் கண்டறியும் வரிகளை எழுதிய பிறகே இந்த வரம்பைப் போட வேண்டும். இல்லையேல் பார்வையாளர்கள் அனைவரும் ஒருவராகவே எண்ணப்படுவார்கள்.

எல்லா இயல்பிருப்புகளும் குறையுடையவை என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. 2023 அக்டோபரில் வெளிவந்த, கோரிக்கைகளை அனுப்பி உடனே ரத்து செய்துகொண்டே இருக்கும் எச்.டி.டி.பி. 2 விரைவு ரத்துத் தாக்குதல் உலகின் பெரிய சேவைகளைத் திணறடித்தபோது, ஓர் இணைப்புக்கு ஆயிரம் கோரிக்கைகள் என்று எஞ்சின்எக்ஸ் முன்பே வைத்திருந்த இயல்பு வரம்பு அதன் தாக்கத்தைக் கட்டுக்குள் வைத்தது. அந்த எண்ணைப் பெரிதாக உயர்த்தி வைத்திருந்தவர்களுக்கே கவலை அதிகம். பதிவேற்றும் கோப்பின் அளவுக்கு இயல்பில் ஒரு எம்.பி.தான் வரம்பு என்பதும் அப்படிப்பட்ட ஒன்று. 413 என்ற பிழையைக் கண்டதும் வரம்பையே நீக்கிவிடாமல், பதிவேற்றம் நடக்கும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் உயர்த்துவதே முறை.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். எஞ்சின்எக்ஸ் தான் அனுப்பும் உரைக் கோப்பின் எழுத்துக் குறியாக்கத்தை இயல்பில் அறிவிப்பதில்லை. வலைப்பக்கங்களுக்குள் அந்த அறிவிப்பு இருப்பதால் சிக்கல் தெரியாது. ஆனால் வெறும் உரைக் கோப்பாக வைத்த தமிழ் நூல்கள், உலாவியில் பொருளற்ற குறிகளாகச் சிதைந்து தோன்றக்கூடும். ‘சார்செட்’ கட்டளையில் யு.டி.எஃப். 8 என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். இரண்டாவது, சுருக்கி அனுப்புதல். டெபியனின் அமைவுக் கோப்பில் ஜிசிப் சுருக்கம் இயக்கப்பட்டிருந்தாலும், எந்தெந்த வகைக் கோப்புகளுக்கு என்ற வரி செயலற்ற குறிப்பாகவே விடப்பட்டிருக்கிறது. அந்நிலையில் வலைப்பக்கங்கள் மட்டுமே சுருக்கப்படும். உரைக் கோப்புகளும் ஜேசன் தரவுகளும் முழு அளவில் போகும். யு.டி.எஃப். 8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதாலும், அந்தப் பைட்டுகளில் பல திரும்பத் திரும்ப வருவதாலும், தமிழ் உரை சுருக்கத்துக்கு மிக நன்றாக இணங்குகிறது. அந்தக் குறிப்பு வரியைச் செயலாக்குவது, செல்பேசியில் படிப்பவர்களின் தரவுச் செலவைக் கண்கூடாகக் குறைக்கிறது.

ஆவணங்களைப் பற்றி எனக்கு இருமனம் உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் இயல்பு மதிப்பு என்ன, எந்தத் தொகுதியில் எழுதலாம், எந்தப் பதிப்பில் வந்தது என்பதெல்லாம் துல்லியமாகத் தரப்பட்டுள்ளன. மேலே நான் சொன்ன ‘ஆட் ஹெடர்’ விதியும் அங்கே ஒரு வரியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒரு வரியின் விளைவு எவ்வளவு பெரியது என்பதை, அதனால் பாதிக்கப்படப்போகும் புதியவருக்கு உணர்த்தும் வகையில் அது எழுதப்படவில்லை. ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் இருக்கும் அந்த ஆவணங்களைப் போல முழுமையான ஒன்று தமிழில் வந்தால், கல்லூரிகளிலும் சிறு அலுவலகங்களிலும் சர்வர்களைக் கவனிக்கும் எத்தனையோ இளைஞர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

உரிமையாளர் மாற்றங்களையும் வாங்குகிறவர் கவனிப்பதைப் போலவே இலவசமாக எடுப்பவரும் கவனிக்க வேண்டும். 2019இல் அமெரிக்காவின் எஃப்5 நிறுவனம் எஞ்சின்எக்ஸ் நிறுவனத்தை 67 கோடி டாலருக்கு வாங்கியது. சிசோயெவ் 2022 ஜனவரியில் விலகினார். நீண்ட காலம் நிரல் எழுதிவந்த மாக்சிம் டூனின், பாதுகாப்பு அறிவிப்புகளைக் கையாளும் முறையில் நிர்வாகத்தோடு மாறுபட்டு, 2024 பிப்ரவரியில் ஃப்ரீஎஞ்சின்எக்ஸ் என்ற கிளையைத் தொடங்கினார். முன்னாள் நிரலாளர்களின் இன்னொரு கிளையான ஆஞ்சியும் இயங்கிவருகிறது. மூலத் திட்டம் தளர்வான பி.எஸ்.டி. உரிமத்திலேயே தொடர்வதாலும், டெபியன் குழு தன் தொகுப்பைத் தனியாகப் பராமரிப்பதாலும், இதனால் உடனடிக் கவலை எதுவும் எனக்கு இல்லை. 2025 ஆகஸ்டில் எஃப்5 அறிமுகப்படுத்திய, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட சான்றிதழ்த் தொகுதி நல்ல வரவு; செர்ட்பாட் இல்லாமலேயே எஞ்சின்எக்ஸ் சான்றிதழைப் பெற்றுப் புதுப்பிக்க அது வழி செய்கிறது.

நிலைப் பக்கங்களை வைத்திருப்பவர்களும், பைத்தான், நோட் போன்றவற்றில் எழுதிய செயலியை வெளியுலகுக்குத் திறப்பவர்களும் தயக்கமின்றி எஞ்சின்எக்ஸை எடுத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் நடத்துகிறவர்கள், ஒவ்வொரு செருகுநிரலும் எந்தக் கோப்புறையில் எதை எழுதுகிறது என்று பார்க்கும் பொறுமை இருந்தால் எடுக்கலாம். வாடிக்கையாளர்கள் தத்தம் கோப்புறையில் தாமே ‘எச்டி அக்சஸ்’ விதிகளை எழுதிக்கொள்ளும் பகிர்வுச் சர்வர்களுக்கு அப்பாச்சியே பொருத்தம். அங்கே வேகம் தேவைப்பட்டால், அப்பாச்சியை உள் முகவரியில் இயங்கவிட்டு, அதற்கு முன்னால் எஞ்சின்எக்ஸை நிறுத்தி, மறையாக்கத்தையும் வேக வரம்பையும் மட்டும் அதனிடம் ஒப்படைக்கலாம். கோப்புகளை அப்பாச்சியே வழங்குவதால் ‘எச்டி அக்சஸ்’ விதிகள் வழக்கம்போல் இயங்கும்.